பண்ணைக் குட்டையில் ஜிலேபிக் கெண்டை

கோடையில் திருத்தணி வட்டாரத்து ஏரிகளில் நீர் வற்றும்போது, அடிச் சேற்றில் தட்டுப் போன்ற வட்டப் பள்ளங்கள் தென்படுவதுண்டு. பெண் மீன் முட்டையிடுவதற்காக ஜிலேபிக் கெண்டையின் ஆண் மீன் தோண்டும் குழிகள் அவை.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்பது நோக்கம். 1959-லேயே இதை மேலும் பரப்பலாகாது என்று முடிவு செய்யப்பட்டது. ஆனால் மீன் முந்திக்கொண்டுவிட்டது! அமராவதி, வைகை நீர்த்தேக்கங்களிலும் இது பெருகியது.

இது விராலைப் போன்ற வேட்டை மீன் அன்று. பாசியும் மட்கிய கழிவுகளுமே முக்கிய உணவு. கிடைத்தால் பிற மீன்களின் முட்டைகளையும் சிறு குஞ்சுகளையும் தின்னும். பெருந்தொல்லை இதன் இனப்பெருக்கமே. இரண்டு மூன்று மாதங்களிலேயே பருவமடைந்து, ஆண்டில் பலமுறை முட்டையிடும். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கிறது. ஆபத்து நேர்ந்தால் குஞ்சுகளையும் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடுகின்றன. குட்டை முழுதும் விலைபோகாத பொடி மீன்கள் நிறைந்து, விவசாயி இடும் தவிட்டையும் பிண்ணாக்கையும் தின்று தீர்க்க, கட்லாவும் ரோகுவும் வளர்ச்சி குன்றிவிடும்.

சொந்தக் குட்டையில் மீன் வளர்ப்போர், குஞ்சு விடுமுன் இதை அடியோடு ஒழிக்க வேண்டும். குட்டையை வற்றவைத்து, தரை வெடிக்கும் வரை காயவிடுவதே சிறந்தது, செலவில்லை. முற்றிலும் வற்றாத குட்டைக்கு இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு, சென்ட்டுக்குச் சுமார் 10 கிலோ தேவை. 25 சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் நீர் இருந்தால் 250 கிலோ வேண்டும். ஓரடியாகக் குறைந்தபின் இட்டால் 75 கிலோ போதும். முதல்நாள் இரவே ஊறவைத்து, காலையில் கரைத்துக் குட்டை முழுதும் தெளிக்க வேண்டும். கால்நடைகளை இறக்கலாகாது. நஞ்சு தணிந்தபின் பிண்ணாக்கு உரமாகிவிடும். பொது ஏரியில் இதைச் செய்யலாகாது.

வாய்க்கால் நீர் நுழையும் இடத்தில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டாவிட்டால் இத்தனை பாடும் வீண். ஏரி நீரோடு குஞ்சுகள் மீண்டும் வந்துவிடும். 'கிஃப்ட்' திலேப்பியா வேறு. மேம்படுத்தப்பட்ட அவ்வகையை அரசு அனுமதி பெற்றே வளர்க்கலாம்.

பிண்ணாக்கு இட்டு மூன்று வாரம் கழித்து, சில விரலிகளை வலைக்கூண்டில் வைத்து ஒருநாள் நீரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவை பிழைத்திருந்தால், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்லா, ரோகு, மிர்கால் விரலிகளைச் சென்ட்டுக்கு 40 வீதம் விடலாம்.