நீங்கள் போடும் ஸ்டார் உங்களுடையதுதானா?

ஓடிடி-யைத் திறந்ததும் ‘உங்களுக்காக’ என்று ஒரு வரிசை வந்து நிற்கிறதே... நம்மைப் போலவே ரசனை உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பிடித்ததை நமக்கும் நீட்டுவதுதான் அதன் அடிப்படைக் கணக்கு.

இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர்கள் ஜோசப் கான்ஸ்டனும் மறைந்த ஜான் ரீடிலும். இவர்களின் ‘குரூப்லென்ஸ்’ ஆய்வகம் 1997-ல் தொடங்கிய சினிமா பரிந்துரைத் தளம், ‘மூவிலென்ஸ்’.

2003-ல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று செம சுவாரஸ்யம். ஏற்கெனவே ஸ்டார் கொடுத்த படங்களுக்கே மறுபடியும் ஸ்டார் போடச் சொன்னார்கள். பக்கத்திலேயே, ‘இந்தப் படம் உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்’ என்று கணினியின் கணிப்பு. அதில்தான் விஷயமே! சில படங்களுக்கு, அவர்கள் முன்பு கொடுத்ததைவிட ஒரு ஸ்டார் கூட்டியோ குறைத்தோ வேண்டுமென்றே காட்டினார்கள்.

கூட்டிக் காட்டினால் மக்களின் ரேட்டிங்கும் ஏறும் பக்கம் சாய்ந்தது. குறைத்தால் இறங்கும் பக்கம். படமும் அதே, பார்த்தவரும் அதே ஆள்!

சிக்கல் என்னவென்றால், நாம் போடும் இந்த ஸ்டார்களை வைத்துத்தான் கணினி அடுத்தவருக்கும் பரிந்துரை தயாரிக்கிறது.

ஆனால், மக்கள் முழுசாக ஏமாந்துவிடவில்லை. கணிப்பை மாற்றிக் காட்டியபோது, ‘இந்தத் தளம் சரியில்லையே’ என்ற அதிருப்தியும் அவர்களிடம் கூடியிருந்தது.