களமும் அவையும்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். போர்க்களத்து வீரத்தினும் அவைக்களத்துத் துணிவு அரியது என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், ஆடுகளத்திற் புகழ் பெற்ற ஒருவர் நாட்டை ஆளும் அவையிற் புகுந்தால், களத்திற் கற்றது அவருக்கு அங்கே பயன்படுமா? விளையாட்டு வீரர் பலர் அரசியலில் அடியெடுத்து வைக்கும் இக்காலத்தில் இவ்வினா ஆராயத்தக்கது.

கரப்பந்தாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மோர்கன் என்பார் 1895இல் இவ்வாட்டத்தை வகுத்தார். அச்சங்கத்தின் வழியாகவே 1916இல் அது கொழும்பை வந்தடைந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்னும் தகுதியையும் பெற்றது. களனி கங்கையைக் கடந்து வடக்கே சென்றால் வரும் ஹெந்தளையிலும், வடபுலத்து ஆவரங்காலிலும் இளைஞர்க்கு இது புதிதன்று. ஒரு வலை, ஒரு பந்து, சிறிது வெளி: இவை போதும். ஏழைக்கும் எட்டும் விளையாட்டு இது.

இதன் விதிகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பந்தை எவரும் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடலாகாது என்பது பொதுவிதி. மூன்று தொடுகைக்குள் பந்து வலையைக் கடந்தாக வேண்டும். பந்தைப் பணிக்கும் உரிமை எதிரணியிடமிருந்து மீளுந்தோறும் ஆட்டக்காரர் இடம் மாறுவர். முன்வரிசையில் நின்றவர் பின்வரிசைக்குச் செல்வர். பந்தை அறைபவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. எனினும் அதனை ஏந்தி எடுத்தவரும், உயர்த்திக் கொடுத்தவரும் இல்லையேல் அந்த அறை இல்லை. அதிகாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாதே, உரிய காலத்தில் இடம் மாறு, பிறர் உழைப்பை மறவாதே என்பன ஆட்சியாளருக்கும் வேண்டிய பாடங்கள் அல்லவா?

இப்பாடம் பயின்று அவை புகுந்தோரைத் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டிற் காணலாம். தலைநகர் லீமாவின் ஏழை மக்கள் வாழும் பகுதியொன்றிலிருந்து வந்தவர் செசீலியா தைட். இடக்கையாற் பந்தை அறைவதில் வல்லவர். கொரியரான பார்க் மான் பொக் என்பாரின் பயிற்சியில் வளர்ந்த பெரு நாட்டு மகளிர் அணி 1982ஆம் ஆண்டு உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. 1988இல் சியோல் ஒலிம்பிக் இறுதியாட்டத்திற் சோவியத் அணியை எதிர்த்து நின்றது. முதலிரு சுற்றுகளையும் வென்று, மூன்றாம் சுற்றிலும் 12க்கு 6 என முன்னணியில் இருந்தது. இன்னும் மூன்று புள்ளிகள் கிடைத்திருந்தால் தங்கம் அவர்களுடையது. ஆனால் அச்சுற்று 13க்கு 15 எனக் கைநழுவியது, அடுத்ததும் போயிற்று, ஐந்தாம் சுற்றை 15க்கு 17 என இழந்தனர். வெள்ளிப் பதக்கத்துடன் மீண்ட அம்மகளிரைப் பெரு மக்கள் இன்றளவும் போற்றுகின்றனர்.

செசீலியா 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றத்திற்குத் தெரிவானார். அவ்வாண்டின் இறுதியில் அதிபர் புஜிமோரியின் ஆட்சி வீழ்ந்தது. 2001இல் நடந்த புதுத் தேர்தலிலும், பின்னர் 2011இலும் மக்கள் அவரை மீண்டும் தெரிந்தெடுத்தனர். 2011இல் வியப்பொன்று நிகழ்ந்தது. சியோலில் அவரோடு ஆடிய கபிரியேலா பெரெஸ் டெல் சோலார், செனைடா உரிபே ஆகிய இருவரும், பின்வந்த தலைமுறை வீராங்கனையாகிய லெய்லா சிவானும் அதே அவையில் அமர்ந்தனர். நால்வரும் வெவ்வேறு நான்கு கட்சி அணிகளின் சார்பில் வென்றவர்கள்! ஒரே கொடியின்கீழ், வலையின் ஒரே புறத்தில் நின்றவர்கள் அவையில் எதிரெதிர்ப் புறங்களில் நின்று வாதிட நேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? களம் ஒருவருக்குத் துணிவைத் தருகிறது. தோல்வியைத் தாங்கும் நெஞ்சைத் தருகிறது. ஆயிரம் கண்கள் நோக்க நடுங்காது நிற்கும் பழக்கத்தைத் தருகிறது. எனினும் எந்தக் கொள்கையின் பக்கம் நிற்பது என்பதை அது கற்பிப்பதில்லை. களத்தில் நடுவரின் ஊதுகுழல் ஒலித்தால் ஐயம் தீர்ந்துவிடும். அவையில் அத்தகைய ஊதுகுழல் இல்லை. களத்திற் பிழைத்தால் ஒரு புள்ளி போகும். அவையிற் பிழைத்தாலோ, வரியாகவும் விலையாகவும் அதனைச் சுமப்பவர் குடிமக்கள்.

நம் நாட்டிலும் கிரிக்கெட் வீரர் அர்ஜுன ரணதுங்க 2001இலும், சனத் ஜயசூரிய 2010இலும் பாராளுமன்றம் புகுந்தனர். புகழ் வாயிலைத் திறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயின் வாயிலைத் திறப்பது வேறு, அவையை அறிவது வேறு. வள்ளுவர் அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைத்த முறையை ஈண்டு நினைக்க வேண்டும். அறிவு முன்னே செல்ல வேண்டும்; அஞ்சாமை அதனைத் தொடர வேண்டும். வீரர்களோ அஞ்சாமையை முன்னரே பெற்று வருகிறார்கள். சட்டம், பொருளாதாரம், மக்கள் குறை ஆகியவற்றைக் கற்று, எஞ்சிய பாதியை அவர்கள் நிரப்பிக்கொள்ளல் கடன்.

வாக்காளருக்கும் ஒரு கடன் உண்டு. வீரரை மைதானத்திற் கைதட்டி வாழ்த்துவோம். அது அவர் ஆட்டத்திற்கு உரிய பரிசு. வாக்குச் சாவடியில், அவர் என்ன கற்றார், யாருக்காகப் பேசுவார் என்று கேட்போம். கைதட்டலையும் வாக்கையும் ஒன்றெனக் கொள்ளாத மக்களிடையே தான், பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாத தலைவர்கள் தோன்றுவார்கள்.