மலை தாங்குமா, சரியுமா? சொல்லும் 'மேப்'பில் உங்கள் தெரு இருக்கிறதா? காசு கொடுப்பது டெல்லியா, சென்னையா?

ஊட்டி:

மழை சீசன் வந்துவிட்டால் போதும், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் சரிவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். வீட்டுக்கு மேலே இருக்கிற மண் திட்டு தாங்குமா, கீழே இருக்கிற தடுப்புச்சுவர் நிற்குமா என்ற கவலைதான்.

பயப்படுவதில் தப்பு இல்லை. 1978-ம் ஆண்டு நீலகிரியில் பெரிய அளவில் நிலச்சரிவு ஏற்பட்டது. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் மரப்பாலம் அருகே மலை சரிந்ததில் பஸ்களே அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த சில நாட்களில் மட்டும் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

எந்த மலை சரியும், எது தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? ஓரளவுக்கு முடியும். அதற்கென்று ஒரு வரைபடம் இருக்கிறது. அரசாங்கம் காசு போட்டு தயாரித்த வரைபடம்தான். ஆனால் அதில் உங்கள் வீட்டைத் தேடினால் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதில்தான் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது.

மலைக்கு ஒரு 'ஸ்கேன்'

வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். மலைக்கு எடுக்கும் ஸ்கேன்தான் புவியியல் வரைபடம். மேலே புல், தேயிலை, வீடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் கீழே என்ன பாறை இருக்கிறது, அதன் மேல் எத்தனை மீட்டர் மண் உட்கார்ந்திருக்கிறது, பாறையில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கலர் கலராகக் காட்டும்.

நீலகிரியில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. சென்னைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. பரங்கிமலை, பல்லாவரத்தில் இருப்பதும் இதே பாறைதான். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் இந்தக் கல் பதிக்கப்பட்டிருப்பதால் 1893-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பாறை கெட்டிதான். பிரச்சினை அதற்கு மேலே. பல லட்சம் வருஷம் மழையிலும் வெயிலிலும் பாறையின் மேல்பகுதி இற்றுப்போய் செம்மண்ணாக மாறியிருக்கிறது. சில இடங்களில் இந்த மண் பல மீட்டர் ஆழம். விடாமல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கீழே கெட்டிப் பாறை என்பதால் அதற்கு மேல் போக வழியில்லை. மண் ஊறி, கனம் ஏறி, பிடிமானம் விட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். இடையில் மனிதன் பொக்லைன் வைத்து சரிவின் அடியை வெட்டியிருந்தாலோ, ஓடையை மறித்து கட்டிடம் எழுப்பியிருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

முழு செலவு மத்திய அரசு

இந்த வரைபடங்களைத் தயாரிப்பது இந்திய புவியியல் ஆய்வு மையம். சுருக்கமாக ஜி.எஸ்.ஐ. என்பார்கள். 1851-ல் வெள்ளைக்காரன் ரெயிலுக்கும் கப்பலுக்கும் நிலக்கரி தேடுவதற்காக ஆரம்பித்த ஆபீஸ் இது. தலைமையகம் கொல்கத்தா. தமிழ்நாடு, புதுச்சேரிக்கு சென்னையில் ஆபீஸ் இருக்கிறது. சம்பளம், ஜீப், முகாம், துளை போடும் எந்திரம், லேப் சோதனை எல்லா செலவும் மத்திய சுரங்கத்துறை அமைச்சகத்தின் பட்ஜெட்டில் இருந்து வருகிறது.

2014-15-ல் ஜி.எஸ்.ஐ. ஒரு பெரிய வேலையை கையில் எடுத்தது. நாடு முழுக்க நிலச்சரிவு வரக்கூடிய சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு வரைபடம் போடும் திட்டம். 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் இதில் அடக்கம். நீலகிரியும் உண்டு. வேலை முடிந்துவிட்டது. சிவப்பு என்றால் அதிக ஆபத்து, மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. ஜி.எஸ்.ஐ.யின் 'பூகோஷ்' இணையதளத்தில் காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரி, பார்த்தால் என்ன தெரியும்? இங்கேதான் கோளாறு.

ஒரு சென்டிமீட்டரில் அரை கிலோமீட்டர்!

அந்த வரைபடம் 50 ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் போடப்பட்டது. அதாவது பேப்பரில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் 50 மீட்டர். ஒரு எஸ்டேட் லைன் வீடு முழுக்க பேனா முனையில் வைக்கும் புள்ளிக்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டரில் எத்தனை தடவை பெரிசாக்கிப் பார்த்தாலும் சிவப்புக் கலர்தான் பெரிசாகுமே தவிர, புதுசாக ஒரு விவரமும் வராது.

மாவட்டத்தில் எந்தப் பக்கம் மோசம், புது ரோட்டை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்று பார்க்க இது போதும். கலெக்டருக்கு உதவும். ஆனால் இந்தத் தெருவில் இருக்கிற 12 வீட்டில் எந்த மூன்றை காலி செய்ய வேண்டும் என்று இதை வைத்து சொல்ல முடியாது.

அதற்கு 10 ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 100 மீட்டர். குறிப்பிட்ட ஒரு சரிவை மட்டும் பார்க்க ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் போவார்கள். அதே இடத்தை 50 ஆயிரத்தில் இருந்து 10 ஆயிரத்துக்கு மாற்றினாலே பேப்பர் 25 மடங்கு ஆகும். நீலகிரி மாவட்டம் சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு சரிவிலும் ஏறி இறங்கி, மண்ணின் ஆழம் அளந்து, துளை போட்டு, சாம்பிள் எடுக்க வேண்டும். ஆளும் வேண்டும், வருஷமும் வேண்டும், காசும் வேண்டும். அதனால் ரொம்ப ஆபத்தான இடங்களாகப் பொறுக்கி எடுத்துத்தான் இந்த அளவில் செய்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. சரிவு எங்கே பிய்த்துக்கொள்ளும் என்பதைத்தான் இந்தக் கலர் வரைபடம் முக்கியமாகக் காட்டும். பிய்த்துக்கொண்ட மண் எவ்வளவு தூரம் ஓடும் என்பது வேறு கணக்கு. 2024 ஜூலை 30-ந்தேதி அதிகாலை, கூடலூர், பந்தலூரை ஒட்டி இருக்கும் கேரள மாநிலம் வயநாட்டில் நடந்தது ஞாபகம் இருக்கும். மலை உச்சிப் பக்கம் பிய்த்துக்கொண்ட மண்ணும் பாறையும் ஆற்று வழியாக சுமார் 8 கிலோமீட்டர் ஓடி வந்தது. முண்டக்கை, சூரல்மலையில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்பட 250-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தெரு சமதளத்தில் இருக்கிறது, பச்சைக் கலரில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டியதில்லை.

எச்சரிக்கைக்கு லண்டன் பணம்

வரைபடம் ஒரு பக்கம், மழைக் கணக்கு ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்தால் 'நாளைக்கு இந்த தாலுகாவில் ஜாக்கிரதை' என்று முன்கூட்டியே சொல்லலாம். இதை நாட்டிலேயே முதலில் சோதித்துப் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று நீலகிரி. மற்றொன்று டார்ஜிலிங். அந்த ஆராய்ச்சிக்கு பணம் வந்தது இங்கிலாந்து அரசாங்கத்திடம் இருந்து. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு மையமும் ஜி.எஸ்.ஐ.யும் சேர்ந்து செய்தன. நம்ம ஊர் மலைக்கு எச்சரிக்கை மணி கட்டுவதற்கு சீமையில் இருந்து காசு வந்திருக்கிறது.

அந்த சோதனைக்குப் பிறகு 2024 ஜூலை 19-ந்தேதி கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. வயநாடு சம்பவத்துக்கு 11 நாள் முன்பு. முதலில் நீலகிரி, டார்ஜிலிங், காலிம்போங் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் தினசரி அறிவிப்பு. அந்த லிஸ்டில் வயநாடு இல்லை.

தாது தேட தனி உண்டியல்

மாநில அரசுக்கு இதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னை கிண்டியில் இயங்கும் மாநில புவியியல் மற்றும் சுரங்கத்துறை குவாரி லைசென்சு, சீனியரேஜ் வசூல் எல்லாம் பார்க்கிறது. மலைப் பகுதியில் வீடு கட்ட 'பிளான்' போட்டால், இடத்தைப் பார்த்து தடையில்லா சான்று கொடுக்க வேண்டியதும் இவர்கள்தான். ஒரு ஏழை தன் இரண்டரை சென்டில் வீடு கட்டலாமா கூடாதா என்ற முடிவு, கையில் நல்ல வரைபடம் இருந்தால் ஒரு மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் நேரில் வந்த அதிகாரியின் கண் அளவுதான்.

பூமியைத் தோண்டுவதில் வரும் பணத்தில் ஒரு பங்கு பூமியை ஆராய்வதற்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2015-ல் கொண்டு வந்த சட்டப்படி, சுண்ணாம்புக்கல் போன்ற முக்கிய கனிமங்களை வெட்டும் கம்பெனிகள் ராயல்டிக்கு மேல் இன்னொரு 2 சதவீதம் கட்ட வேண்டும். 2025-ல் அதை 3 சதவீதமாக உயர்த்தி சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த நிதியில் இருந்து மாநிலத் துறைகளுக்கும் பணம் கிடைக்கும். ஆனால் கனிமம் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே மண் எத்தனை மீட்டர் ஆழம் என்று பார்க்க அந்த உண்டியல் திறக்காது.

தாது தேடும் வரைபடம் மக்களுக்கு எப்போதும் இனிக்கும் என்றும் சொல்ல முடியாது. மதுரை மேலூர் பக்கம் நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் இருப்பதாக ஜி.எஸ்.ஐ. ஆய்வில் தெரியவந்து, 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலம் விட்டது. அரிட்டாபட்டி உள்பட ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்து போராடினார்கள். 2025 ஜனவரி 23-ந்தேதி ஏலம் ரத்து ஆனது.

அமெரிக்காவில் பாதிக்குப் பாதி

பணம் யார் போடுவது என்பதற்கு அமெரிக்காவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1992-ல் இதற்கென்றே தனி சட்டம் போட்டார்கள். எந்த இடத்துக்கு வரைபடம் வேண்டும் என்று மாநிலமே முடிவு செய்யும். மாநிலம் ஒரு டாலர் போட்டால் மத்திய அரசு ஒரு டாலர் போடும். அங்கேயும் அடிபட்ட பிறகுதான் புத்தி வந்தது என்பது வேறு கதை. 2014 மார்ச் 22-ந்தேதி வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்ற இடத்தில் மலைச்சரிவு ஒரு குடியிருப்பையே மூடி 43 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே அந்த மாநில சட்டசபை, விமானத்தில் இருந்து லேசர் ஒளி பாய்ச்சி மலையை அளந்து நிலச்சரிவு வரைபடம் போட தனியாக பணம் ஒதுக்கியது.

தமிழ்நாட்டில் 2024 டிசம்பர் 1-ந்தேதி, பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்து 5 குழந்தைகள் உள்பட 7 பேர் பலியானார்கள். நிலச்சரிவு என்றாலே ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

50 கோடி வந்தால் எதற்கு?

அதற்கு 5 நாளைக்கு முன்னால்தான், 2024 நவம்பர் 26-ந்தேதி, 15 மாநிலங்களில் நிலச்சரிவு ஆபத்தைக் குறைக்க ரூ.1,000 கோடி திட்டத்துக்கு மத்திய உயர்மட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது. உத்தரகாண்டுக்கும் இமாசலபிரதேசத்துக்கும் தலா ரூ.139 கோடி. கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் தலா ரூ.72 கோடி. தமிழ்நாட்டுக்கு ரூ.50 கோடி.

ஐம்பது கோடி என்பது கேட்க பெரிய தொகை. மலை ரோட்டில் தடுப்புச்சுவர், ஆணி அடித்து வலை போர்த்துவது என்று ஆரம்பித்தால் பறந்துவிடும். சுவர் எழும்பினால் திறப்பு விழா நடத்தலாம், போட்டோ எடுக்கலாம். வரைபடத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் சுவரை எங்கே கட்ட வேண்டும் என்று சொல்வதே வரைபடம்தான். தெரு அளவிலான வரைபடத்துக்கு இதில் என்ன பங்கு கிடைக்கிறது என்பதை மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நீலகிரியில் 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று மாவட்ட நிர்வாகம் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. மழை நேரத்தில் கண்காணிப்புக் குழுக்கள் போகின்றன, முகாம்கள் தயாராகின்றன. உங்கள் இடம் அந்த லிஸ்டில் இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடமோ தாலுகா ஆபீசிலோ கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு காசு கிடையாது.

செல்போன் வைத்திருப்பவர்கள் ஜி.எஸ்.ஐ.யின் 'பூஸ்கலன்' என்ற செயலியை ஏற்றிக்கொள்ளலாம். நிலச்சரிவு அறிவிப்பு அதில் வரும். எங்காவது மண் சரிந்தால் அதிலேயே தகவலும் அனுப்பலாம்.

வீட்டுச் சுவரிலோ தரையிலோ புதுசாக விரிசல் விழுந்தாலோ, மரமும் கரண்ட் கம்பமும் ஒரு பக்கமாக சாய்ந்தாலோ, தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழை நேரத்தில் சட்டென்று நின்றாலோ, வரைபடம் என்ன கலர் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறி, 1077 என்ற மாவட்ட கட்டுப்பாட்டு அறை நம்பருக்கு போன் செய்ய வேண்டும்.