குறுந்தொகை முன்றிலில் குருவியும் அணிலும்

குறுந்தொகையின் 41, 46 ஆம் பாடல்கள் இரண்டும் பிரிவுத்துயரைத் தலைவி தோழிக்கு உரைப்பன. பாலைத்திணையாகிய முன்னதில் அணிலும், மருதத்திணையாகிய பின்னதில் சிட்டுக்குருவியும் இடம்பெறுகின்றன. இரண்டும் இயங்கும் களம் வீட்டு முன்றிலே. 1937இல் இந்நூலை உரையுடன் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் பெயரில், 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது. அப்பகுதி மதில்களில் ஓடும் மூவரி அணிலே தென்னகச் சமவெளியின் பொது அணிலாதலால், பாடலின் அணிலை அதனோடு பொருத்தத் தடையில்லை.

மாமலாடனாரின் குருவி முற்றத்தில் காயும் தானியத்தை உண்கிறது; மன்றத்து எருப்புழுதியில் குளிக்கிறது; மாலையில் இறப்பில் தன் குஞ்சுகளோடு ஒடுங்குகிறது. இவை மூன்றும் இப்பறவையின் உண்மையான நடத்தைகள். உணவும் கூடும் மனிதக் குடியிருப்பைச் சார்ந்தவை. தலைவன் சென்ற நாட்டிலும் இக்காட்சியும் மாலையும் தனிமைத்துயரும் இல்லையோ எனத் தலைவி வினவுவதற்கு, எந்த ஊர் வீட்டிலும் காணப்படும் இக்குருவியே பொருந்தும். அணிலுக்கு இவ்வாற்றல் இல்லை.

41 ஆம் பாடலில் ஊரார் நீங்கிய சீறூர் வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுகிறது. இயற்பெயர் மறைந்த புலவர் அத்தொடராலேயே அணிலாடு முன்றிலார் எனப்பட்டார். இங்கு அணிலைப் பாழின் குறியீடு என்று மட்டும் கொள்வது போதாது. கொறிவிலங்காகிய அணில் விதையும் கனியும் பூச்சியும் உண்டு மரத்தில் கூடமைப்பது. ஆட்கள் வாழும் மனையிலும் வருவது. ஆனால் அங்கு ஆளரவம் கேட்டவுடன் மரமேறிவிடும். எனவே பாழைக் காட்டுவது அணிலின் இருப்பன்று, இடையூறற்ற அதன் ஆட்டமே. குருவியோ மக்கள் நீங்கித் தானியம் காயாத முற்றத்தை நாடக் காரணமில்லை. அப்பாடலில் அதனை வைத்திருந்தால் உவமை சிதைந்திருக்கும்.

இன்றைய பெசன்ட் நகரின் அடுக்குமாடி வீடுகளில் இறப்பும் இல்லை, நெல் காயும் முற்றமும் இல்லை. மக்கள் நிறைந்த தெருவிலும் அணிலுக்குக் குறைவில்லை. குருவிக்கோ கூடுகட்டும் இடம் அரிது. இச்சூழலில் பயிலும் மாணவர் அணிலை மக்கள் வாழ்விடத்தின் அடையாளமாகவே கொள்ள வாய்ப்புண்டு. வகுப்பறையில் இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றுவது இதனால் பயனுடையது.

46 ஆம் பாடலில் மேலும் ஒன்று ஆராயத்தக்கது. உலரும் உணவைக் கவர வரும் கோழியை மகளிர் காதணி எறிந்து விரட்டுவதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மாமலாடனாரின் முற்றத்திலோ குருவியை விரட்டுவார் எவரும் சொல்லப்படவில்லை.