விறகடுப்பின் வெம்மையை அடக்குதல்

மும்பை மாநகரின் தாராவியில் பொழுது புலருமுன்னரே இட்லிப் பானைகள் அடுப்பேறுகின்றன. தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் அங்குச் சமைக்கும் இட்லி, தலையிலும் மிதிவண்டியிலும் ஏறி நகரின் பல வீதிகளுக்கும் போகிறது. முறுக்குச் சுடுவோரும் அங்கே பலர். எரிவாயு பரவியுள்ள இந்நாளிலும் விறகடுப்பை முற்றிலும் விட்டுவிடாதோர் இவர்களிடையே உண்டு. சந்துகளோ குறுகியவை, கூரைகள் தகரமும் பலகையுமாக நெருங்கியவை. அடுப்பு அளவுமீறி எரிந்தால் கெடுவது பண்டம் மட்டுமன்று.

தீயைத் தணிக்கக் காற்றை அடைத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். இது பாதியே உண்மை. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, சூடேறியதும் எரியும் ஆவியாகப் பிரிந்துவிடும்; எஞ்சுவதே கரி. நாம் காணும் சுவாலை அந்த ஆவி எரிவதேயாகும். சுமார் 200 முதல் 300 டிகிரி சென்டிகிரேடில் தொடங்கும் இப்பிரிவு, அடுப்பின் வாயை மூடியவுடன் நின்றுவிடாது. விறகு முன்பே சூடேறியிருப்பதால் ஆவி தொடர்ந்து வெளிவரும். பிராணவாயு போதாமையால் எரியாது புகையாகும். அப்புகையுடன் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் சேர்ந்து வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சன்னலற்ற அறையில் தணலை மூடிவைத்துவிட்டு உறங்குவது உயிருக்கே இடர்.

ஆகவே அடக்க வேண்டியது முதலில் விறகை, பிறகே காற்றை. நம் பாட்டிமார் கொள்ளியை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தது இவ்விதிக்கு முற்றிலும் பொருந்தும். விறகின் பருமனும் கவனிக்கத் தக்கது. மரச்சாமான் பட்டறைகளின் மெல்லிய, நன்கு உலர்ந்த கழிவுத் துண்டுகளுக்கு எடையை நோக்க மேற்பரப்பு மிக அதிகம். ஒரு கையளவை ஒன்றாக இட்டால் அனைத்தும் ஒரே வேளையில் ஆவி விட்டுச் சுவாலை பானையின் கழுத்துவரை எழும். அவற்றை இரண்டு மூன்றாக, சிறிது இடைவெளி விட்டு இடுதல் வேண்டும். ஈர விறகிட்டுத் தீயைத் தணிக்கலாம் என்பது தவறான சிக்கனம். வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிப் புகையே மிஞ்சும். வண்ணம் பூசிய பலகையை எந்நிலையிலும் எரிக்கலாகாது.

இட்லிப் பானையைப் பொறுத்தவரை மிகுதியான தீயால் பயனே இல்லை. திறந்த நிலையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கியபின், அடுப்பில் எவ்வளவு விறகைத் திணித்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. இட்லி விரைவில் வேகுவதும் இல்லை. காய்ந்த விறகு ஒரு கிலோவிலிருந்து கிடைக்கும் வெப்பம் சுமார் 3600 கிலோ கலோரி. அதில் ஆறில் ஒரு பங்கே பானையைச் சேர்ந்தாலும் 600 ஆயிற்று. கொதிக்கும் நீர் ஒரு லிட்டரை ஆவியாக்க 540 போதும். வீணாக எரித்த ஒவ்வொரு கிலோ விறகும் பானையின் நீரில் ஒரு லிட்டருக்கு மேல் குறைத்துவிடுகிறது என்பது பொருள்.

எண்ணெய்ச் சட்டியின் கதை வேறு. எண்ணெய்க்கு நீரைப்போல் ஓர் எல்லையில் நிற்கும் குணம் இல்லை. தீ வளர வளர அதன் சூடும் ஏறிக்கொண்டே போகும். முறுக்குக்கு 170 முதல் 190 டிகிரி வரை போதுமானது. எண்ணெய் புகையத் தொடங்குவதே எச்சரிக்கை. அக்கணமே கொள்ளிகளை இழுத்துவிட வேண்டும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு. கீழே இறங்கிய நீர் நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி இறைக்கும். பொருத்தமான உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிச் சட்டி ஆறும்வரை திறவாதிருத்தலே முறை.

புகைபோக்கி உள்ள அடுப்பில் காற்றையும் ஆளலாம். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு வகுத்த புகையில்லா அடுப்பில், புகைவழியைக் குறுக்கும் தகட்டுக்கு இடம் இருந்தது. அவர் நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. தகட்டைச் சிறிது சாய்த்தால் இழுவை குறைந்து எரிதல் மெதுவாகும். முழுதும் மூடினால் புகை அறைக்குள் திரும்பும். புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது துடைக்காவிடில் அதுவே ஒரு நாள் தீப்பற்றலாம்.

மும்பையில் மரமும் நிலக்கரியும் எரிக்கும் ரொட்டிச் சூளைகள் ஆறு மாதத்துள் எரிவாயு முதலியவற்றுக்கு மாறவேண்டுமெனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் பணித்தது. சிறு அடுப்புகளும் காலப்போக்கில் மாறக்கூடும். அதுவரை மண்ணடுப்பு சூடாயிருக்கையில் நீர் தெளித்து அணைக்க வேண்டாமென்று களப்பணியாளர் வலியுறுத்துதல் நன்று; திடீரெனக் குளிர்வதால் மண் வெடிக்கும்.

பள்ளியில் காட்டத் தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. சிறு பாத்திரத்து நீரில் ஒரு நாணயத்தை இட்டு மூடிக் கொதிக்கவிடுக. நீர் உள்ளவரை நாணயம் தடதடவென ஒலிக்கும். ஒலி நின்றால் நீர் வற்றியது எனக் கொண்டு, உடனே தீயை அகற்றுக. இட்லி அவிப்போர் இதை நெடுங்காலமாகச் செய்துவருகின்றனர்.