வாடைக்காலத்து மென்பிளாஸ்ரிக் இரை

மன்னாரில் குளிர்நீர் எங்கே என்று சிலர் சிரிக்கக்கூடும். பனி உறையும் நாடுகளின் குளிர் இங்கில்லைதான். ஆனால் பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீற்றர்தான். ஆழமற்ற நீர் காற்றோடு சேர்ந்து விரைவில் குளிரும். சித்திரை, வைகாசியில் 30 பாகை செல்சியஸைத் தொடும் நீர், வாடை வீசும் மார்கழி, தையில் 26 பாகைக்குக் கிட்ட இறங்கிவிடும்.

மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. நீர் குளிர்ந்தால் சமிபாடு மந்தமாகும், பசி குறையும், ஓடும் இரையைத் துரத்த மனம் வராது. வட அவுஸ்திரேலியாவில் நம் கொடுவா மீனையே 'பரமண்டி' என்கிறார்கள். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தூண்டில்காரர் செயற்கை இரையை மிக மெதுவாகவே இழுப்பர்.

மென்பிளாஸ்ரிக் இரை 1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிக் கிறீம் என்பவர் வார்த்த புழுவோடு பெயர்பெற்றது. பிவிசியுடன் மென்மையாக்கும் எண்ணெயைக் கலந்து சூடாக்கி அச்சில் ஊற்றுவார்கள். எண்ணெய் கூடினால் இரை மெதுமையாகும். உப்புத் தூள் சேர்த்தால் விரைவில் தாழும். குளிரில் இந்தப் பிளாஸ்ரிக் விறைக்கும். விறைத்த வால் ஆடாது, ஆடாத வாலை மீன் திரும்பியும் பாராது. ஆகவே வாடைக்கு வாங்கும்போது விரலால் வளைத்துப் பாருங்கள். மெதுவானதாகவும், மணலைக் குஞ்சு அல்லது சிறு இறால் அளவினதாகவும் இருப்பது நல்லது.

கையிலுள்ளதையும் திருத்தலாம். வால் உடலோடு சேரும் இடத்தைக் கூரிய பிளேட்டால் சற்று மெல்லிதாக்கினால் மெதுவாக இழுக்கும்போதும் ஆடும். வயிற்றை நீளவாக்கில் கீறிவிட்டால் உடல் வளையும், ஊசியும் எளிதாகக் கொளுவும். ஈயத்தைக் குறைத்தால் மெல்லத் தாழும். மந்தமான மீனுக்கு அந்த அவகாசம்தான் வேண்டும். பழைய இரைகளை உருக்கிப் புதிதாக வார்க்கும் வேலையை மட்டும் நம் குசினிக்குள் விடாதீர்கள். சூடு மிஞ்சினால் பிவிசியிலிருந்து ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். அது நெஞ்சை அரிக்கும். உம்மா சோறு ஆக்கும் சட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது.

ஒரு செய்தி நமக்குச் சுவையானது. உயிருள்ள புழுவைத் தூண்டிலில் கோத்து மீன் பிடிப்பது மக்ரூஹ் என்று ஹனபி சட்ட நூல்கள் சில கூறுகின்றன. நாம் ஷாபிஈ மத்ஹபினர் என்றாலும் அந்தக் கருணை யோசிக்கத்தக்கது. அந்த வகையில் செயற்கை இரைக்கு ஒரு நியாயம் உண்டு.

ஆனால் புழு மக்கிப்போகும், பிளாஸ்ரிக் மக்காது. அறுந்து விழுந்த இரையை மீன் விழுங்கினால் அது வயிற்றில் செரிக்காமல் ஊதிக் கிடக்கும். நம் கடலடியில் ஆவுளியா மேயும் கடற்புல் இருக்கிறது. அங்கே வலையும் நரம்பும் ஏற்கனவே போதுமான அளவு சிக்கிக் கிடக்கின்றன. எனவே இரை எளிதில் கழன்றுவிடாதபடி ஊசியின் கழுத்தில் ஒரு துளி பசை வையுங்கள். கிழிந்ததை மூடியுள்ள போத்தலில் போட்டுக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதியவற்றை வாங்கிய பையிலேயே வைத்திருப்பது நல்லது. சிலவகைக் கடினப் பிளாஸ்ரிக் பெட்டிகளில் வைத்தால் இரையின் எண்ணெய் பெட்டியையே இளக்கி ஒட்டிக்கொள்ளும்.