தரை எங்கே வெடிக்க வேண்டும்?

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் ஏரியின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். உப்புநீர் தேங்கிக் கிடந்த சதுப்பு அது. மேற்கு வங்க முதல்வர் பிதான் சந்திர ராய் அதை மேடாக்கி நகரமாக்க முடிவெடுத்து, 1962-இல் வேலை தொடங்கியது. யூகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனம் ஹூக்ளி ஆற்றுப் படுகையின் வண்டலைத் தண்ணீரோடு கலக்கி, குழாய் வழியே கொண்டுவந்து கொட்டியது. தண்ணீர் வடிந்துபோக, வண்டல் தங்கியது. டோப்ரிவோயே டோஷ்கோவிச் வகுத்த வரைபடப்படி அதன்மேல் செக்டார்களும் பிளாக்குகளும் எழுந்தன. அடியில் பழைய களிமண்ணும், செடிகொடி மக்கிப் படிந்த மண்ணும் இன்னும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுத் தரையில் கோடு விழுந்தால் பழி உடனே மண் மேல் போய்விடும். ஆனால் அதே கோடு மூன்றாவது மாடியிலும் விழுகிறதே, அங்கே ஏது வண்டல்? தரை வெடிப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும் மண் அல்ல. கலவையில் ஊற்றிய தண்ணீர்.

கணக்கைப் பார்ப்போம். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று இறுகுவதற்கு வேதிவினையில் செலவாகும் தண்ணீர் சுமார் 12 லிட்டர். வினை முழுமையாக நடக்க ஏறக்குறைய 20 லிட்டர் வேண்டும். கரணைக்குக் கலவை வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக 30 லிட்டர் வரை ஊற்றிவிடுகிறார்கள். மிகுதித் தண்ணீர் மெல்ல ஆவியாகிப் போகும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் எஞ்சும் நீர் அந்தத் துளைகளின் சுவர்களை உள்ளே இழுக்கிறது. தரை சுருங்குகிறது. மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சுருங்குவது சாதாரணம். ஐந்து மீட்டர் கூடம் என்றால் இரண்டரை மில்லிமீட்டர். நான்கு பக்கமும் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் தரையால் அந்த இரண்டரை மில்லிமீட்டரைச் சுருங்க முடியாது. சிமென்ட் அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். ஆகவே கிழிகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, சால்ட் லேக்கில் யாருக்கும் தேவைப்படாத ஒரு தரை. கொரியாவின் ‘ஒண்டோல்’ என்னும் பழைய சூட்டுத்தரையிலிருந்து இன்றைய ஐரோப்பா வரை, குளிர்நாட்டு வீடுகளில் தரையையே சூடாக்குகிறார்கள். ஆஸ்லோவிலும் சூரிச்சிலும் வாழும் நம்மவர்களுக்கு இது பழகிய விஷயம். தரைக்கலவைக்குள் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதில் வெந்நீரை ஓடவிடுகிறார்கள். சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். அதனால்தான் வெடிக்கிறது என்று தோன்றும். இங்கேயும் கணக்கு வேறு சொல்கிறது. சிமென்ட் தரை ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விரியும். ஐந்து மீட்டர் தரை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடானால் மொத்த விரிவு ஒரு மில்லிமீட்டர். காய்ந்து சுருங்குவதோ அதைப்போல் இரண்டரை மடங்கு. சூடு செய்யும் பெரிய கெடுதி, இறுகி முடியாத தரையை அவசரமாகக் காயவைப்பதுதான்.

அதனால் ஐரோப்பியத் தரவிதி, சிமென்ட் தரை போட்டு 21 நாள் ஆகும்வரை குழாயில் வெந்நீர் விடக்கூடாது என்கிறது. அதன்பிறகும் முதல் மூன்று நாள் 20 முதல் 25 டிகிரி நீர்தான். அடுத்துத்தான் முழுச்சூடு, அதுவும் நான்கு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். சுவரோரம் முழுக்க நுரைப்பட்டை ஒட்டித் தரைக்கு ஐந்து மில்லிமீட்டர் அசைய இடம் விடுகிறார்கள். நாற்பது சதுர மீட்டருக்கு மேல் ஒரே பரப்பாகப் போடாமல், வாசற்படிகளில் இணைப்பு இடைவெளி விட்டுப் பிரிக்கிறார்கள். குழாய் அந்த இடைவெளியைக் கடக்கும் இடத்தில் மேலே ஓர் உறைக்குழாய் மாட்டுகிறார்கள்.

ஜனவரியிலும் இரவு 14 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத கொல்கத்தாவில் வெந்நீர்க் குழாய் வேண்டாம். ஆனால் அதன் வேலையை ஏப்ரல் வெயிலும், நேர்மேலே சுழலும் மின்விசிறியும், குடிபோகும் அவசரத்தில் போட்டுவிடும் ஏசியும் செய்துவிடுகின்றன. பூசிய சில மணி நேரத்திலேயே, தரை இன்னும் பச்சையாக இருக்கும்போது, மேல்பரப்பு நீர் வேகமாகப் போய்விட்டால் அன்றைக்கே மயிரிழைக் கீறல்கள் விழும். பிறகும் ஆபத்து தீர்வதில்லை. மேல்பக்கம் காய்ந்து, அடிப்பக்கம் ஈரமாகவே இருந்தால், வெயிலில் வைத்த வடாம் ஓரம் தூக்குவதுபோல் தரையின் ஓரமும் மூலையும் மேலெழும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் ‘கணீர்’ என்ற ஒலி அங்கே ‘பொக்’ என்று மாறும். அதன்மேல் பீரோவை வைத்தால் முடிந்தது.

பழைய கொத்தனார்களுக்கு இதெல்லாம் கையறிவாகவே தெரிந்திருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கறுப்புக் கரை போட்ட சிவப்பு ஆக்ஸைடு தரைகளைப் பாருங்கள். மொசைக் தரைகளில் ஓடும் கண்ணாடிப் பட்டைகளைப் பாருங்கள். அழகுக்கு என்று நாம் நினைக்கும் அந்தக் கோடுகள் தரையைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. சுருக்கம் அந்தந்தக் கட்டத்தோடு நின்று, கோட்டின் ஓரத்திலேயே யாருக்கும் தெரியாமல் அடங்கிவிடுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பும் இதைத்தான் எண்ணில் சொல்கிறது: சிமென்ட் தரையின் எந்தக் கட்டமும் பக்கத்துக்கு இரண்டு மீட்டரையும், பரப்பில் இரண்டு சதுர மீட்டரையும் தாண்டக்கூடாது. சுருங்கியே தீர வேண்டிய பொருளுக்கு வெடிக்க ஓர் இடம் கொடுத்துவிட்டால், அது வேறெங்கும் வெடிப்பதில்லை.

டைல்ஸ் வந்தபிறகு இந்த அறிவு கைநழுவிவிட்டது. மேலேதான் டைல்ஸ் ஒட்டப்போகிறோமே என்று அடித்தளத்தைக் கட்டம் பிரிக்காமல் ஒரே பரப்பாக இழுத்துவிடுகிறார்கள். கீழே விழுந்த வெடிப்பு சில மாதங்களில் டைல்ஸையும் பிளந்துகொண்டு மேலே வருகிறது. அடித்தளத்தில் விட்ட இடைவெளி எதுவோ, அதே கோட்டில் டைல்ஸிலும் இடைவெளி இருந்தாக வேண்டும். தூண் மூலையிலும் நிலைக்கதவு மூலையிலும் சாய்வாகக் கிளம்பும் வெடிப்பும் இதே குடும்பம்தான். அங்கே இழுவை குவிகிறது. தூணைச் சுற்றி மெல்லிய தெர்மோகோல் பட்டை ஒன்றை நிறுத்திவிட்டுக் கலவை போட்டிருந்தால் அது வந்திருக்காது.

இனி மண்ணுக்கு வருவோம், அதையும் முற்றிலும் விடுவிக்க முடியாது. வெடிப்பின் குறுக்கே விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். இரு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் அது சுருக்கம். ஒரு பக்கம் தாழ்ந்து நகம் தட்டினால் கீழே நிரப்பிய மண் அமுங்குகிறது. சால்ட் லேக்கின் தரைத்தள வீடுகளில் கவனிக்க வேண்டியது இது. சுவர் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. தரையோ நிரப்பு மண்ணின் மேல் கிடக்கிறது. இரண்டும் ஒரே அளவு இறங்குவதில்லை. மண்ணை ஒரே மூச்சில் கொட்டாமல், 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு நனைத்துத் திமிசு அடித்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்டால் ஒட்டித் தேதி எழுதுங்கள். அது உடைந்தால் அசைவு இன்னும் நடக்கிறது. அந்த நிலையில் வெடிப்புக்குள் எதை ஊற்றி அடைத்தாலும் காசுக்குத்தான் கேடு. கட்டுமானப் பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரை போடும் நாளில் தளத்தில் நில்லுங்கள். மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று அளந்து ஊற்றச் சொல்லுங்கள். மேலே கசிந்த ஈரத்தை உறிஞ்ச வெறும் சிமென்டைத் தூவித் தேய்க்க விடாதீர்கள். மேல்தோல் முழுக்க வலைபோல் கீறல் விழும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவையுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது ஈரச்சாக்கு விரியுங்கள். ஏழு நாளுக்குக் குறையக்கூடாது. கிரகப்பிரவேசத் தேதி நெருங்குகிறது என்று கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். தேதியைத் தள்ளிப்போடுங்கள்.